வெப்சைட் போடும் முன் கடைப் பையனையும் கேளுங்கள்

தென்சென்னைப் பகுதி மளிகைக் கடைகளுக்குப் பொதுவாக ஓர் இணையதளம் அமைக்கலாம் என்ற யோசனை நம் உறுப்பினர்களிடையே சில மாதங்களாகப் பேசப்பட்டு வருகிறது. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, தியாகராய நகர்க் கடைக்காரர்கள் ஆளுக்கு ஒரு பங்கு போடுவது, ஆர்டர் வந்தால் அந்தத் தெருவுக்கு அருகிலுள்ள கடைக்கு அதை அனுப்பி வைப்பது என்பது திட்டம். பருப்பும் பாலும் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிற காலத்தில் நாம் கையைக் கட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருக்க முடியாது. ஆகவே யோசனையை வரவேற்கிறேன்.

ஆனால் இதுவரை வந்திருக்கும் கொட்டேஷன்களைப் பார்த்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. எத்தனை பக்கம், எத்தனை படம், என்ன வண்ணம், செல்போனில் எப்படித் தெரியும் என்பதெல்லாம் விவரமாக இருக்கிறது. கடையில் யார் யாரோடு உட்கார்ந்து பேசி இதைச் செய்யப் போகிறார்கள் என்பதற்கு ஒரு வரி கூட இல்லை. "தேவைகளை நிர்வாகம் தெரிவிக்க வேண்டும்" என்று மட்டும் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். நிர்வாகம் என்றால் யார்? சங்க நிர்வாகிகளா? அவர்களுக்கு நாற்பது வருட வியாபார அனுபவம் இருக்கலாம். ஆனால் இன்று காலை எந்த மாமி எந்தப் பருப்பை எந்தப் பெயர் சொல்லிக் கேட்டார் என்பது சரக்கு எடுத்துப் போடும் பையனுக்குத்தான் தெரியும்.

கம்ப்யூட்டர் துறையில் இந்த வேலைக்குப் பெரிய பெயர்களெல்லாம் வைத்திருக்கிறார்கள். நம் பாஷையில் சொன்னால், கொள்முதலுக்குப் போகும் முன் லிஸ்ட் போடுவது. அந்த லிஸ்டை யாரைக் கேட்டுப் போட்டோம் என்பதைப் பொறுத்துத்தான் போட்ட பணம் உருப்படும்.

ஜி.எஸ்.டி. தளம் பட்ட பாடு

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் எல்லோர் கடையையும் தொட்ட ஜி.எஸ்.டி. இணையதளமே போதும். அதை நடத்துவதற்கென்றே ஜி.எஸ்.டி.என். என்ற நிறுவனம் 2013 மார்ச்சில் பதிவு செய்யப்பட்டது. 2015-ல் சுமார் 1,380 கோடி ரூபாய்க்கு இன்ஃபோசிஸ் நிறுவனத்திடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. 2017 ஜூலை 1-ல் வரி அமலுக்கு வந்தது. பணத்துக்கும் குறைவில்லை, படித்த மூளைக்கும் குறைவில்லை.

முதலில் போட்ட திட்டத்தை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். 10-ம் தேதிக்குள் விற்பனை விவரம், 15-ம் தேதிக்குள் கொள்முதல் விவரம், 20-ம் தேதிக்குள் இரண்டையும் சேர்த்த ரிட்டர்ன். ஆண்டு ரிட்டர்னையும் கூட்டினால் வருடத்துக்கு 37 படிவம். நாம் போட்ட ஒவ்வொரு பில்லும் வாங்கியவருடைய கணக்கில் தானாகப் போய் உட்கார வேண்டும். அவர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் திருத்தி அனுப்ப வேண்டும். காகிதத்தில் பார்த்தால் பிசகே இல்லாத ஏற்பாடு. ஆனால் நம் வியாபாரத்தில் பில் ஒரு நாள், சரக்கு இறங்குவது ஒரு நாள், தரம் சரியில்லை என்று மூட்டை திரும்பி வருவது இன்னொரு நாள். மாதம் பிறந்து பத்து நாளைக்குள் எத்தனை சிறு கடைக்காரர் பில் கட்டைக் கொண்டு போய் ஆடிட்டரிடம் கொடுக்கிறார்? இதைக் கடைத்தெருவில் ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்திருந்தால் எவரும் சொல்லியிருப்பார்கள்.

யாரையும் கேட்கவே இல்லை என்று சொல்வதும் நியாயமல்ல. பதிவு, வரி செலுத்துதல், ரீஃபண்ட், ரிட்டர்ன் ஆகியவை எப்படி நடக்க வேண்டும் என்ற கூட்டுக் குழு அறிக்கைகள் 2015 அக்டோபரிலேயே வெளியிடப்பட்டு, பொதுமக்களின் கருத்தும் கேட்கப்பட்டது. அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. கருத்தை இணையத்தில் போய் எழுத வேண்டும். நம் கடைத்தெருவில் அந்த அறிக்கையைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர்? கேட்பது என்பது அறிக்கையை வெளியே வைத்துவிட்டுக் காத்திருப்பதோடு முடிகிற வேலை அல்ல. பதில் சொல்ல வேண்டியவன் இருக்கும் இடத்துக்கு, அவன் பாஷையில், அவனுக்கு ஒழிவான நேரத்தில் போய்க் கேட்க வேண்டும். காலை பத்து மணிக்கு மளிகைக் கடையில் போய் யாரைக் கேட்டாலும் "அப்புறம் வாங்க" என்றுதான் பதில் வரும்.

பிறகு நடந்தது தெரிந்ததுதான். தளத்தின் சிக்கல்களைக் கவனிக்க 2017 செப்டம்பரில் மாநில அமைச்சர்களைக் கொண்ட குழு ஒன்று போடப்பட்டது. நவம்பர் 10 அன்று கவுகாத்தியில் கூடிய கவுன்சில், இரண்டாவது மூன்றாவது படிவங்களை நிறுத்தி வைத்தது. தற்காலிகம் என்று வந்த 3-பி படிவம் நிரந்தரக் குடித்தனமாகிவிட்டது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2019-ல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை, வரி தொடங்கி இரண்டு வருடமாகியும் பில்லோடு பில்லைப் பொருத்தி வரவு கொடுக்கும் ஏற்பாடு வரவில்லை என்றும், இணக்க வரித் திட்டத்துக்குத் தகுதியில்லாதவர்களைத் தளம் தடுக்கவில்லை என்றும் குறிப்பிட்டது. அதாவது சட்டத்தில் எழுதியிருந்த நிபந்தனையே தளத்துக்குள் முழுமையாக ஏறவில்லை.

இ-வே பில் சங்கதியும் இதே மாதிரிதான். 2018 பிப்ரவரி 1 அன்று நாடு முழுவதும் கட்டாயம் என்று தொடங்கினார்கள். முதல் நாளே தளம் திணறியதால் அன்றைக்கே தள்ளி வைத்தார்கள். மறுபடி ஏப்ரல் 1-ல் தொடங்கியபோது நிதானமாகப் போனார்கள். முதலில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு மட்டும். அதன் பின் மாநிலத்துக்குள் போகும் சரக்குக்குச் சில சில மாநிலங்களாக. தமிழ்நாட்டுக்கு ஜூன் 2-ல் வந்தது. அதற்குள் பெரும்பாலான லாரி புக்கிங் ஆபீஸ்களில் விஷயம் பழகிவிட்டது. இப்படிப் படிப்படியாகப் போனதை நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன். முதலிலேயே இப்படிப் போயிருக்கலாம் என்றுதான் சொல்வேன்.

2019 டிசம்பர் 7 அன்று இன்னொன்று நடந்தது. புதிதாகக் கொண்டுவர இருந்த ரிட்டர்ன் படிவங்களைப் பற்றி வியாபாரிகளையும் ஆடிட்டர்களையும் நேரில் கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கச் சொல்லி அபிப்பிராயம் கேட்பதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கி, நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் நடத்தினார்கள். அந்தப் புதிய படிவத் திட்டம் முதலில் தள்ளிப் போடப்பட்டது. பின்னர் 2020 அக்டோபரில், அதை விட்டு இருக்கிற முறையையே மேம்படுத்துவது என்று முடிவாயிற்று. வியாபாரமே இல்லாத மாதத்தின் ரிட்டர்னை எஸ்.எம்.எஸ். மூலமே அனுப்பும் வசதி 2020 ஜூனில் வந்தது. 5 கோடி வரை விற்பனை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடும் முறை 2021 ஜனவரியில் வந்தது. இவையெல்லாம் சிறு கடைக்காரனின் நடைமுறையைப் பார்த்துச் செய்தவை. தாமதமாக வந்தாலும் நல்லதே.

நம் நாட்டில்தான் இப்படி என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டுக்காக 2013 அக்டோபர் 1-ல் திறந்த இணையதளத்தில் முதல் நாள் பதிவை முடிக்க முடிந்தவர்கள் 6 பேர் என்று பின்னர் வெளிவந்த ஆவணங்கள் காட்டின. அதற்குப் பல காரணங்கள். அதில் ஒன்று நம் போன்றவர்களுக்கு முக்கியமானது. விலையைச் சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்ற வசதியைக் கடைசி நேரத்தில் எடுத்துவிட்டு, பெயர் விலாசமெல்லாம் கொடுத்துக் கணக்குத் திறந்தால்தான் விலை தெரியும் என்று ஆக்கிவிட்டார்கள். கூட்டம் வாசலிலேயே நெரிந்தது. கடை வாசலில் ஒருவர் வந்து "புளி என்ன விலை?" என்று கேட்டால், "முதலில் உங்கள் பெயர், போன் நம்பர், பாஸ்வேர்டு சொல்லுங்கள்" என்று நம்மில் யாராவது கேட்போமா? நமக்கு வந்திருக்கும் கொட்டேஷன்களில் ஒன்றில் அப்படித்தான் இருக்கிறது.

சிட்டையைப் படியுங்கள்

பெரிய தளங்களின் கதை போதும். நம் கடைக்கு வருவோம். தேவைப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், கல்லாவுக்குப் பக்கத்தில் கம்பியில் குத்தி வைத்திருக்கும் சிட்டைகளில் இருக்கிறது என்பேன். போன மாதத்துச் சிட்டைகளையும், வாட்ஸ்அப்பில் வந்த லிஸ்ட் படங்களையும் எடுத்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். எந்தக் கம்பெனிக்காரரும் கேட்காத கேள்விகளுக்கு அதில் பதில் இருக்கும்.

முதலில் பெயர். ஒருவர் பொட்டுக்கடலை என்று எழுதியிருப்பார், அடுத்தவர் பொரிகடலை, இன்னொருவர் உடைச்சகடலை. மூன்றும் ஒரே டின்னிலிருந்துதான் போகிறது. கொத்தமல்லி விதை என்பவரும் தனியா என்பவரும் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள். வேர்க்கடலையை மணிலா என்றும் மல்லாட்டை என்றும் கேட்பவர்கள் இன்னும் உண்டு. தியாகராய நகரில் குடியிருக்கும் வடநாட்டுக் குடும்பங்கள் துவரம்பருப்பைத் தூர் தால் என்று தேடுவார்கள். வெப்சைட்டில் ஒரே ஒரு பெயரைப் போட்டுவிட்டு, வேறு பெயரில் தேடியவருக்கு "சரக்கு இல்லை" என்று காட்டினால் அது நாமே கதவைச் சாத்துவது. இத்தனை பெயர்களையும் எழுதிக் கொடுக்க ஓர் இஞ்ஜினீயரால் முடியாது. கடையில் பத்து வருடம் நின்றவர் ஒரு மாலையில் எழுதிக் கொடுத்துவிடுவார்.

அடுத்தது அளவு. கடுகும் சோம்பும் வெந்தயமும் பத்து ரூபாய்க்கு, இருபது ரூபாய்க்கு என்று போகிறவை. அதைக் கிராமில் மட்டும் விற்க வெப்சைட் சொல்லும். கல்யாண சமையல்காரர் கொடுக்கும் லிஸ்டில் எல்லாமே கிலோவிலும் டின்னிலும் இருக்கும். அவருக்கு ஐம்பது கிராம் பாக்கெட்டின் படத்தைக் காட்டி எத்தனை வேண்டும் என்று கேட்டால் போனைக் கீழே வைத்துவிடுவார்.

அரிசி இன்னும் நுட்பம். பொன்னி என்று எழுதினால் போதாது. பழைய அரிசியா, புதிய அரிசியா? புழுங்கலா, பச்சையா? இட்லிக்கா, சாப்பாட்டுக்கா? பழையதுக்கும் புதியதுக்கும் விலையில் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும். "புது அரிசி குழைஞ்சு போச்சு" என்று திரும்பி வரும் மூட்டைக்கு ஆட்டோக் கூலி யார் கொடுப்பது என்பதும் நமக்குத் தெரியும்.

மூட்டையின் எடையிலும் ஒரு சங்கதி உண்டு. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை லேபிள் போட்டுக் கட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5 சதவீத வரி வந்தது. அதற்குப் பிறகுதான் 26 கிலோ மூட்டை புழக்கத்துக்கு வந்தது. தளம் செய்யும் பையனுக்கு 25-ம் 26-ம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஏதோ தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்தினாலும் திருத்திவிடுவான். நமக்கு அவை வரி உள்ள சரக்கும் வரி இல்லாத சரக்கும். இரண்டும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும் என்று யார் சொல்வது? நம் கணக்கர்தான் சொல்ல வேண்டும், அவரை யாராவது கேட்டால்.

சிட்டைகளில் நான் கவனித்த இன்னொன்று, பெரும்பாலான வீட்டு லிஸ்ட் மாதா மாதம் ஒன்றேதான். ஒன்றாம் தேதி வாக்கில் வருவது, முப்பது நாற்பது சாமான், அதே வரிசை. நவராத்திரி வந்தால் ஒன்பது நாள் சுண்டலுக்கு வேண்டிய கடலையும் பயறும் கூடும்; ஆடியில், தையில் வெல்லம் கூடும். அப்படியானால் வாடிக்கையாளருக்கு வேண்டியது ஆயிரம் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் வசதியா, அல்லது "போன மாத லிஸ்டே, இரண்டு மாற்றத்தோடு" என்று ஒரே தடவையில் சொல்லும் வசதியா? கையால் எழுதிய லிஸ்டைப் படமெடுத்து அனுப்பும் வசதி ஒன்று இருந்தாலே பாதி வீடுகளுக்குப் போதும் என்பது என் அபிப்பிராயம். இதற்குச் செலவும் குறைவு.

நண்பர் ஒருவர் கடைக்குப் போட்ட வெப்சைட்டில் இதெல்லாம் எப்படிக் கோட்டை விடப்பட்டது என்பதைக் கண்ணால் பார்த்தேன். கடைப் பெயரும் கம்பெனிப் பெயரும் வேண்டாம். வந்தவர்கள் முதலாளியின் மகனோடு இரண்டு மணி நேரம் பேசினார்கள். அவர் படித்த பையன், கெட்டிக்காரர், ஆனால் கடையில் நிற்பதில்லை. தளம் பார்க்க வெகு அழகாக வந்தது. முதல் வாரமே ராத்திரி பதினோரு மணிக்கு ஓர் ஆர்டர், பணமும் கட்டியாயிற்று. மறுநாள் பார்த்தால் லிஸ்டில் பாதிச் சரக்கு கடையில் இல்லை. இருப்பைத் தினமும் யார் ஏற்றுவது என்று எவரிடமும் சொல்லப்படவில்லை. காலையில் மார்க்கெட் விலை மாறினால் தளத்தில் யார் மாற்றுவது என்பதும் பேசப்படவில்லை. ஏறிய நாள் விலையே ஒரு மாதம் நின்றது. எண்ணெய் விலை ஏறிய சமயம் அது. பழைய விலைக்குக் கேட்டவர்களுக்கு நஷ்டத்தில் கொடுத்துவிட்டு, ஆறு மாதத்தில் தளத்தை மூடிவிட்டார்கள்.

கேட்கப்படாதவர் சும்மா இருக்க மாட்டார்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். தளம் வருவதால் நம் ஆட்களில் சிலருக்கு நஷ்டம் உண்டு, அல்லது நஷ்டம் வருமோ என்ற பயம் உண்டு. லைனுக்குப் போய் ஆர்டர் எடுக்கும் விற்பனையாளரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பிடித்து வைத்த கடைக்காரர் இனி செல்போனில் நேராக ஆர்டர் போட்டால், கமிஷன் யாருக்கு? இந்தக் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லாவிட்டால் அவர் சும்மா இருக்க மாட்டார். "அண்ணாச்சி, அதுல போட்டா சரக்கு லேட்டா வரும், எங்கிட்டயே சொல்லுங்க" என்று கடை கடையாகச் சொல்லிவிட்டு வருவார். அவர் மீது குற்றம் சொல்ல முடியாது. வயிற்றுப்பாடு. அவர் லைனில் வந்த தள ஆர்டருக்கும் அவருக்கே கமிஷன் என்று தீர்மானித்து, அதைத் தளம் கணக்கு வைக்கும்படி முதல் நாளிலேயே எழுதிக் கொடுத்தால், அவரே வாடிக்கையாளருக்குத் தளத்தைச் சொல்லிக் கொடுக்கிற ஆளாகிவிடுவார்.

கணக்கரும் அப்படித்தான். தளத்துக் கணக்கு ஒரு பக்கம், கடைக் கணக்கு ஒரு பக்கம் என்று இரண்டையும் கையால் சேர்க்கும் சுமை அவர் தலையில் விழும் என்று அவருக்குத் தெரியும். இப்போது கடையில் இருக்கும் பில்லிங் முறையோடு தளம் பேசுமா என்ற கேள்வியை அவரைக் கேட்கச் சொல்லுங்கள். அவரை விடக் கறாராகக் கேட்க ஆள் இல்லை. கடன் கணக்கும் அவர் கையில்தான். ரொக்கத்துக்கு ஒரு விலை, பதினைந்து நாள் தவணைக்கு ஒரு விலை, மெஸ்ஸுக்கும் ஓட்டலுக்கும் ஒரு விலை என்று நம்மிடம் உண்டு. எல்லோருக்கும் ஒரே விலையைத் தளத்தில் காட்டினால் மறுநாள் காலை எந்தெந்த வாடிக்கையாளர் போன் செய்வார் என்று வரிசையாகச் சொல்லிவிடுவார்.

டெலிவரிக்குப் போகும் பையன்களைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பங்குனியில் அறுபத்து மூவர் உற்சவத்தன்று மாட வீதிகளில் வண்டி போகாது. தீபாவளிக்கு முந்தின வாரங்களில் ரங்கநாதன் தெருப் பக்கம் சைக்கிளைக் கூட உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். மெட்ரோ ரயில் வேலையால் மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பக்கம் எத்தனை முறை வழி மாற்றினார்கள் என்பதற்குக் கணக்கில்லை. அடையாறு அடுக்குமாடிகளில் வாட்ச்மேன் இன்னின்ன நேரம்தான் உள்ளே விடுவார். மத்தியானம் இரண்டு மணிக்கு மணியடித்தால் சில வீடுகளில் கதவு திறக்காது, தூங்குவார்கள். "ஒரு மணி நேரத்தில் டெலிவரி" என்று தளத்தில் பெரிதாகப் போடும் முன் இந்தப் பையன்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். எந்தத் தெருவுக்கு எந்த நேரம் என்பதை நாமே அவ்வப்போது மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டும் என்பது அவர்களிடமிருந்து வரும் தேவை.

வாடிக்கையாளரைக் கேட்பதில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். "வெப்சைட் போட்டால் வாங்குவீர்களா?" என்று கேட்டால் மரியாதைக்கு எல்லோரும் வாங்குவோம் என்பார்கள். அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். அதற்குப் பதில், தளம் எப்படி இருக்கும் என்பதை வெள்ளைத் தாளில் பெட்டி பெட்டியாக வரைந்து, "இதில் உங்கள் மாத லிஸ்டைப் போடுங்கள்" என்று ஓர் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் பார்த்துக்கொண்டிருங்கள். எங்கே விரல் தயங்குகிறது, எங்கே கண்ணாடியைத் தேடுகிறார் என்பதே பதில். கடைகளில் பணம் வந்ததைத் தமிழில் சத்தமாகச் சொல்லும் பெட்டி இத்தனை வேகமாகப் பரவியதை யோசித்துப் பாருங்கள். கூட்ட நேரத்தில் தராசைப் பார்ப்பதா, செல்போனைப் பார்ப்பதா என்று கடைக்காரன் படும் அவஸ்தைக்கு அது மருந்தாக அமைந்தது.

சட்ட விஷயங்களை ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. விவரமாக இங்கே எழுதவில்லை. பாக்கெட் சரக்கின் விலை, எடை முதலிய விவரங்களைத் தளத்திலும் காட்ட வேண்டும் என்பது 2018 ஜனவரி முதல் உள்ள விதி. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்ததாகப் பதில் தர வேண்டும் என்று 2020-ன் மின் வணிக விதிகள் சொல்கின்றன. வரி விகிதம் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. 2025 செப்டம்பர் 22 அன்று நெய், வெண்ணெய் 12-லிருந்து 5-க்கும், பிஸ்கட், சோப்பு, பற்பசை, தலை எண்ணெய் 18-லிருந்து 5-க்கும் இறங்கியபோது நூற்றுக்கணக்கான சரக்குக்கு ஒரே நாளில் விலை மாற்ற வேண்டியிருந்தது. அந்த மாற்றத்தை நாமே செய்ய முடியுமா, அல்லது கம்பெனிக்காரருக்குப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லோரையும் கேட்டால் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்பார்கள் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. உண்மைதான். விற்பனையாளருக்கு ஒன்று, கணக்கருக்கு ஒன்று, இளம் தலைமுறைக்கு இன்னொன்று. மயிலாப்பூர்க் கடைக்குக் காபிக்கொட்டை முக்கியம் என்றால் தியாகராய நகர்க் கடைக்கு முந்திரியும் பாதாமும் முக்கியம். அதற்காகக் கேட்காமல் இருப்பது சரியான வழி ஆகாது. சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு, இது இல்லாமல் கடை திறக்கவே முடியாது என்பவற்றை மட்டும் முதல் தவணையில் வைத்து, மற்றவற்றை அடுத்த வருடத்துக்குத் தள்ள வேண்டும். தள்ளியதற்குக் காரணத்தையும் சொன்னவரிடம் சொல்லிவிட வேண்டும். முடிவு செய்ய இரண்டு மூன்று பேர் போதும். கேட்பதற்குத்தான் பல பேர் வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் கூட்டம் நடந்துகொண்டே இருக்கும், தளம் வராது.

கம்பெனிக்காரரோடு ஒப்பந்தம் போடும்போது இந்தப் பட்டியல் ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட வேண்டும். பணத்தைத் தவணையாகக் கொடுப்பது வழக்கம். அந்தத் தவணையைத் தேதிக்குக் கட்டாமல் பட்டியலுக்குக் கட்டுங்கள். கணக்கர் போட்டுப் பார்த்து ஆயிற்று என்று சொன்னால் ஒரு தவணை, டெலிவரிப் பையன் பார்த்து ஆயிற்று என்றால் ஒரு தவணை. தளத்தின் பெயர் நம் சங்கத்தின் பேரில் பதிவாகட்டும். சாவியும் பாஸ்வேர்டும் நம்மிடம் இருக்கட்டும். தளம் செய்தவருடைய சொந்தப் பெயரில் பதிவு செய்துவிட்டுப் பின்னால் திண்டாடுகிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

எல்லாக் கடைகளையும் ஒரே நாளில் தளத்தில் ஏற்றுவதையும் நான் ஆதரிக்கவில்லை. மந்தைவெளியில் இரண்டு கடை, அடையாறில் ஒரு கடை என்று மூன்று மாதம் நடத்திப் பார்க்கலாம். அந்த மூன்று மாதத்தில் வரும் புகார்களே அடுத்த பட்டியல். மத்திய அரசின் ஆதரவில் நடக்கும் ஓ.என்.டி.சி. என்ற பொது வலையமைப்பைக் கூட 2022 ஏப்ரலில் முதலில் கோயம்புத்தூர் உட்பட ஐந்து ஊர்களில் மட்டும்தான் தொடங்கிப் பார்த்தார்கள். நாமே தனியாகத் தளம் போடுவதா, அதில் போய்ச் சேருவதா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கும் விடை சிட்டைகளைப் படித்த பிறகே சரியாக வரும்.

ஆகவே அடுத்த பகுதிக் கூட்டத்தில் கொட்டேஷனை எடுக்கும் முன் ஒரு காரியம் செய்வோம். வருகிற ஒவ்வொரு கடைக்காரரும் போன மாதத்துச் சிட்டைகளில் நூறையாவது பையில் போட்டுக் கொண்டு வரட்டும், கடன் பாக்கி எழுதியதைத் தவிர. கூடவே கடையில் சரக்கு எடுத்துப் போடுபவர் ஒருவரையும் அழைத்து வரட்டும். கூட்டத்தை ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு வைத்தால் அவர்களும் வர வசதிப்படும். டீ, வடைச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். கொட்டேஷன் கொடுத்த கம்பெனிக்காரர்களையும் அன்று வரச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் அன்று பேச வேண்டாம், உட்கார்ந்து எழுதிக்கொண்டால் போதும்.